கீமோ வார்டுல பக்கத்து நாற்காலிக்காரங்க – மறக்க முடியாத ஒருத்தரைப் பத்திச் சொல்லுங்க

சாட்ஸ்வொர்த் அக்கா:
மார்புப் புற்று, முதல்ல சிவப்பு மருந்து, டாக்ஸோரூபிசின். அதைப் பத்தி இங்க யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. முதல் தடவை முடிஞ்சதும் வாயெல்லாம் வெந்து, கஞ்சி கூட இறங்கல. ரெண்டாவது தடவை பக்கத்து நாற்காலியில ஒரு ஜூலு கோகோ, அதாவது பாட்டி, தென்னாப்பிரிக்காவுல நம்ம டர்பன் பக்கத்து உம்லாசிக்காரங்க. மடியில ஒரு பழைய ஃபிளாஸ்க். நர்ஸ் அந்தச் சிவப்பு ஊசியைக் கையில எடுத்த உடனே கோகோ ஃபிளாஸ்க்கைத் திறந்து, ஸ்பூன்ல ஐஸ் தூள் எடுத்து என் வாய்கிட்ட நீட்டினாங்க. எனக்கு ஜூலு அரைகுறை, அவங்களுக்குத் தமிழ் தெரியாது. நான் நர்ஸைப் பார்த்தேன், அவ தலையாட்டினா. மருந்து முழுசா ஏறி முடியற வரைக்கும் ஸ்பூன் ஸ்பூனா ஊட்டினாங்க. தன் கையில டிரிப் ஓடுது, அந்தக் கையாலயே. என்னைப் பெத்தவ போன பிறகு எனக்கு யாரும் ஊட்டினதில்ல.

அந்தத் தடவை வாய்ப்புண் கொஞ்சம்தான். அடுத்த முறை நானும் ஐஸ் கொண்டு போனேன். அந்த நாற்காலியில வேற ஆள். நர்ஸ்கிட்ட விசாரிச்சா, இன்னொரு நோயாளி விவரம் சொல்லக்கூடாதுன்னுட்டா. அவங்க பேர் கூட எனக்குத் தெரியாது. உம்லாசிப் பக்கம் யாராவது இருக்கீங்களா?

நார்த்டேல்காரி:
அக்கா, உங்க கோகோ நல்லவங்க. ஆனா “ஐஸ் நல்லது”ன்னு இங்க படிச்சிட்டு எல்லாரும் செஞ்சுடக்கூடாது, அதனாலதான் எழுதறேன். என் வீட்டுக்காரருக்குக் குடல் புற்று, ஆக்சாலிபிளாட்டின். இந்த மருந்து எடுக்கறவங்களுக்குக் குளிர்ச்சியே ஆகாது. ஜூலை மாசம், இங்க குளிர்காலம், மேரிட்ஸ்பர்க் குளிர் உங்களுக்குத் தெரியும், காலையில புல்லெல்லாம் வெள்ளையா உறைஞ்சு கிடக்கும். கார் எடுக்க இரும்பு கேட்டைத் தொட்டவர் கரண்ட் அடிச்ச மாதிரி கத்தினார். உள்ள வந்து குழாய்த் தண்ணி ஒரு வாய் குடிச்சார், தொண்டை அடைச்சுப் போச்சுன்னு கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். மூச்சு ஓடிக்கிட்டுத்தான் இருந்தது, நரம்புதான் அவரை ஏமாத்துது. கம்பளித் துணியை மூக்கு வாயில சுத்தி, வெதுவெதுன்னு தண்ணி கொடுத்த பிறகுதான் அடங்கிச்சு.

இப்ப என் மனசை அரிக்கறது வேற. வார்டுக்கு ஒரு அம்மா வந்தாங்க, நோயாளிகளைப் பார்க்க வர்றவங்க. பை நிறைய ஐஸ் குச்சி. ஒவ்வொரு நாற்காலியா குனிஞ்சு கொடுத்துக்கிட்டே வந்து இவர் கையில வைக்கப் போனப்ப, நான் பாய்ஞ்சு பிடுங்கிட்டேன். குச்சி தரையில விழுந்து உடைஞ்சது. நான் செஞ்சது சரிதான், இன்னிக்கும் அப்படித்தான் செய்வேன். ஆனா அந்த அம்மா குனிஞ்சு துண்டு துண்டாப் பொறுக்கினாங்க பாருங்க, அந்த முதுகு என் கண்ணுல நிக்குது. தலையில ஸ்கார்ஃப் கட்டியிருந்தாங்க. பின்னாடி கொஞ்சமா, குட்டை குட்டையா முடி முளைச்சிருந்தது.

வெருலம் தம்பி:
ரெண்டு அக்காவுக்கும் வணக்கம். எங்க அம்மாவுக்குக் கருப்பைப் புற்று. ஆடி மாசம் மாரியம்மன் கூழுக்குப் போகணும்னு ஒரே பிடிவாதம். ரத்தத்துல வெள்ளை அணு குறைஞ்சிருந்த வாரம், அதனால கூட்டத்துக்கு வெளிய காருக்குள்ளயே உட்கார வச்சேன். ஒரு பெரியம்மா கண்ணாடி வழியா கையை விட்டு, அம்மாவோட மொட்டைத் தலையைத் தடவி அழுதாங்க. அப்புறம் ஒரு பாட்டில் கொடுத்தாங்க, வேப்பமரம் மாதிரி இருக்கற சிரிங்கா மரத்து இலை அவிச்ச தண்ணி, குடிச்சா எல்லாம் வெளிய வந்துடுமாம். அம்மா அதை ரெண்டு கையாலயும் வாங்கி மடியில வச்சுக்கிட்டாங்க. வீட்டுக்கு வந்ததும் நான் கொட்டிட்டேன். அம்மா ஒரு வார்த்தை பேசல. ராத்திரி அந்தக் காலிப் பாட்டிலைக் கழுவி அலமாரியில வச்சாங்க.

இனிமே கீமோ வீட்டுக்காரங்க எல்லாரும் கவனிங்க. தெர்மாமீட்டர் இல்லாத வீடா இருந்தா இன்னிக்கே வாங்குங்க. 38 டிகிரி செல்சியஸ் தாண்டினா காலையில பார்த்துக்கலாம்னு படுக்காதீங்க, அப்பவே ஆஸ்பத்திரி. அளக்கறதுக்கு முன்னாடி பனடோ (பாராசிட்டமால்) போடாதீங்க, ஜுரத்தை மறைச்சுடும். உள்ள நுழைஞ்ச உடனே முதல் வார்த்தையா “கீமோ நடக்குது”ன்னு சொல்லுங்க, இல்லைன்னா மத்தவங்களோட வரிசையில உட்கார வச்சுடுவாங்க. பெரும்பாலும் மருந்து ஏறின 7ஆம் நாள்ல இருந்து 14ஆம் நாள் வரைக்கும்தான் எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறையும். அந்த நாள்ல கல்யாணம், சாவு, கோயில் கூட்டம் எதுவும் வேண்டாம். வாய்ப்புண்ணுக்கு ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணியில கால் டீஸ்பூன் பேக்கிங் சோடா, அதுல பாதி உப்பு, விழுங்காம கொப்பளிச்சுத் துப்பணும், ஒரு நாளைக்குப் பல தடவை. சாப்பாடு இரும்பு மாதிரி ருசிச்சா ஸ்டீல் ஸ்பூனை விட்டுட்டு பிளாஸ்டிக் ஸ்பூன். வாந்தி மாத்திரை ஒண்டான்செட்ரான் மலச்சிக்கல் கொடுக்கும், முதல் நாள்ல இருந்தே அதுக்கு என்ன செய்யறதுன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. காய்ச்சாத பால்ல உறைய வச்ச மாஸ் (தயிர் மாதிரி புளிச்ச பால்) வேண்டாம். மஞ்சள் கறியில போடறது வேற, மாத்திரையா எடுக்கறது வேற. எதை எடுத்தாலும் டாக்டருக்குத் தெரிஞ்சு எடுங்க.

சாட்ஸ்வொர்த் அக்கா:
நார்த்டேல் தங்கச்சி, எல்லாரும் ஐஸ் சாப்பிடுங்கன்னு நான் எழுதல. எனக்கு ஒருத்தங்க ஊட்டினாங்கன்னு எழுதினேன். ஆனா நீ சொன்னது தெரிய வேண்டிய விஷயம், எனக்கே தெரியாது. தம்பி, நாங்க யாரும் கேட்காமலே இவ்வளவு எழுதிட்டே. அந்தப் பாட்டிலை ஏன் அம்மா எடுத்து வச்சாங்கன்னு ஒரு வரி கூட எழுதலையே.

வெருலம் தம்பி:
கேட்கல அக்கா. கேட்கத் தைரியம் வரல. இன்னும் அலமாரியிலதான் இருக்கு.

டோங்காட் வாத்தியார்:
தம்பி, கோயிலில் நம் முன்னோர் வேப்பிலை கிடைக்காத இடத்தில் சிரிங்காவைக் கட்டினார்கள், மஞ்சள் தண்ணீரில் போட்டார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. குடிப்பதுதான் ஆபத்து, அது விஷமுள்ள மரம். நீ கொட்டியது சரி. ஆனால் அந்தப் பெரியம்மாவிடம் ஒரு நாள் போய் இதைப் பதமாகச் சொல்லிவிடு, இல்லாவிட்டால் அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போவார்.

எனக்கு நிணநீர்ப் புற்று. வின்கிறிஸ்டின் என்ற மருந்து விரல் நுனியை மரக்கச் செய்துவிட்டது. இத்தனை வருடம் மிருதங்கம் வாசித்த கை, சட்டைப் பொத்தானைப் பிடிக்கவில்லை. டிரிப் கழற்றிய பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஒரே பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தேன். எதிரில் ஒரு பையன், இருபது வயது இருக்கலாம், அவனுக்கும் அதே மருந்து. பேசாமல் எழுந்து வந்து என் முன்னால் முட்டி போட்டான். அவன் விரலும் மரத்துத்தான் இருந்தது. நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, நழுவ நழுவப் பிடித்து, ஒவ்வொரு பொத்தானாகக் கழுத்து வரை போட்டுவிட்டான். அவன் சட்டையைப் பார்த்தேன், அது பொத்தானே இல்லாத பனியன். வார்டே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இல்லை.

மரப்பு தொடங்கியதும் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவைக் குறைப்பார்கள், சில சமயம் நிறுத்துவார்கள். பொறுத்துக்கொண்டே போனால் நரம்பு தேற மாதக்கணக்கில் ஆகும். நான் சொன்னேன், குறைத்தார்கள்.

நார்த்டேல் தங்கை, அந்த அம்மாவும் நம்மில் ஒருத்திதான் போலிருக்கிறது. மறுபடி வந்தால், ஐஸ் கொடுப்பதற்கு முன் யார் யாருக்கு ஆகாது என்று நர்ஸிடம் கேட்டுக்கொள்ளும்படி சொன்னால் போதும்.

டோங்காட், வெருலம் பக்கம் சட்டைக்கு டிச் பட்டன் வைத்துத் தைத்துத் தருகிறவர்கள் யாராவது இருந்தால் இங்கேயே எழுதுங்கள். எனக்கு இரண்டு வேண்டும், அந்தப் பையன் அளவுக்கும் ஒன்று.