கலைச்சொல்: ‘எவிடென்ஸ்-பேஸ்டு’ திட்டத்துக்குச் ‘சான்று’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் நான் சில ஆங்கிலக் கலைச்சொற்களுக்குத் தமிழ் கேட்டிருந்தேன், பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. ‘எவிடென்ஸ்-பேஸ்டு புரோகிராம்’ (பலன் தருகிறது என்று ஆய்வில் சோதித்துப் பார்த்த திட்டம்) என்பதற்குச் ‘சான்று அடிப்படையிலான திட்டம்’, ‘ஆதாரபூர்வமான திட்டம்’, ‘மெய்ப்பிக்கப்பட்ட திட்டம்’ என மூன்று வந்திருக்கின்றன. முதலாவதைத்தான் நானும் இரண்டு வருடமாகப் பாடக்குறிப்புகளில் எழுதி வந்தேன். அதை ஏன் விட நினைக்கிறேன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் சமூகப்பணி முதுகலை மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவள். பாதிப் பேர் பள்ளி முழுவதும் தமிழ்வழியில் படித்தவர்கள். இளையோர் நலம், குடும்ப நலம் சார்ந்த பணிகளில் எந்தத் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது, அதை எப்படி நடத்துவது என்று அவர்களுக்கு ஒரு பாடம் உண்டு. குறிப்பைப் படித்துவிட்டு ஒரு மாணவி கேட்டாள்: “மேடம், இந்தச் சான்று யார் கொடுப்பாங்க? கலெக்டர் ஆபீஸா, சமூகநலத் துறையா?” வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. மற்றவர்களும் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று என்று தாலுகா அலுவலகத்துக்கு நடந்து வளர்ந்த பிள்ளைகளுக்குச் சான்று என்றால் முத்திரை குத்திய தாள். தவறு அவர்கள் மேல் இல்லை, என் சொல்லில் இருக்கிறது.

‘ஆதாரம்’ என்றால் கோர்ட்டு நினைவுக்கு வருகிறது. ‘மெய்ப்பித்த’ என்பதோ அளவுக்கு மீறிய உறுதி. இந்த ஊரில், இந்தக் குடும்பங்களிடம், இவ்வளவு வித்தியாசம் தெரிந்தது என்பதற்கு மேல் எந்த ஆய்வும் சொல்வதில்லை.

இன்னொரு சிக்கல் ‘அடிப்படையிலான’ என்ற ஒட்டில் இருக்கிறது. நாலு ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, அவற்றின் அடிப்படையில் ஒரு திட்டத்தை நாமே வகுக்கலாம். அது நல்ல திட்டமாகவும் இருக்கலாம். ஆனால் ஆங்கிலத்தில் அதற்கு ‘எவிடென்ஸ்-இன்ஃபார்ம்டு’ என்று வேறு பெயர். ‘எவிடென்ஸ்-பேஸ்டு’ என்று சொல்ல வேண்டுமானால் அந்தத் திட்டத்தையே சோதித்திருக்க வேண்டும். அதில் உதவி பெற்றவர்களையும் உதவி பெறாதவர்களையும் ஒப்பிட்டிருக்க வேண்டும். தமிழில் இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால், எந்தத் தொண்டு நிறுவனமும் எதை வேண்டுமானாலும் அந்தப் பெயரில் விற்கலாம்.

இந்த ஒப்பீடு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு நான் வகுப்பில் எப்போதும் சொல்வது கேம்பிரிட்ஜ்-சாமர்வில் ஆய்வு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939-இல் தொடங்கியது. 506 சிறுவர்களை இணை இணையாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆலோசகர், மருத்துவ உதவி, பாடத்தில் உதவி, கோடை முகாம் எல்லாம் கொடுத்தார்கள். மறுபாதியை அப்படியே விட்டார்கள். ஜோன் மெக்கார்டு என்ற ஆய்வாளர் முப்பது வருடம் கழித்து அவர்களைத் தேடிப் பிடித்து, 1978-இல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றவர்களில் பலர் அந்தத் திட்டத்தை அன்போடு நினைவுகூர்ந்தார்கள், தங்களுக்கு அது நல்லது செய்தது என்றார்கள். கணக்கில் பார்த்தால் குற்றங்கள் குறையவில்லை. குடிப்பழக்கம், மனநோய், அகால மரணம் போன்றவற்றில் உதவி பெற்றவர்கள் நிலையே மோசமாக இருந்தது. மறுபாதி என்று ஒன்று இல்லாமல் போயிருந்தால், அந்த அன்பான நினைவுகளை மட்டும் வைத்துக்கொண்டு இன்றுவரை அதை ஊர் ஊராக நடத்திக்கொண்டிருப்பார்கள்.

நியூ ஜெர்சியின் ராவே சிறையில் 1970-களில் தொடங்கிய ‘ஸ்கேர்டு ஸ்ட்ரெய்ட்’ திட்டமும் அப்படித்தான். வழிதவறும் பிள்ளைகளைச் சிறைக்குள் கூட்டிப்போய், ஆயுள் கைதிகளைக் கொண்டு மிரட்டினால் திருந்துவார்கள் என்பது எண்ணம். கேட்டால் நமக்கும் சரி என்றுதான் படும். இதைப் போன்ற திட்டங்களில் நடந்த ஒன்பது சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு, இதைச் செய்வதைவிட ஒன்றும் செய்யாமல் இருந்தாலே மேல் என்று முடித்தது.

ஆகவே நமக்கு வேண்டிய சொல்லில் சோதனை தெரிய வேண்டும். என் முன்மொழிவு: ஆய்வில் தேறிய திட்டம். தேறுதல் நம் வாயில் தினமும் புழங்குகிற சொல். பரீட்சையில் தேறினான் என்கிறோம், “இது தேறுமா?” என்று கேட்கிறோம். தேறாத திட்டம், இன்னும் தேர்வுக்கே உட்காராத திட்டம் என்று எதிர்ப்பக்கத்தையும் இதே சொல்லால் சொல்ல முடிகிறது. ‘சான்று அடிப்படையிலான’ என்பதில் அந்த வசதி இல்லை. ‘எவிடென்ஸ்-இன்ஃபார்ம்டு’ என்பதற்கு ஆய்வுவழித் திட்டம் போதும். ‘புரோகிராம்’ என்பதற்கு நிரல் கணினிக்குப் போய்விட்டது, நிகழ்ச்சி மேடைக்குப் போய்விட்டது, திட்டமே இருக்கட்டும்.

அடுத்தது ‘இம்ப்ளிமென்டேஷன்’, அதாவது ஒரு திட்டத்தைக் களத்தில் கொண்டுவந்து நடத்துவது. ‘அமலாக்கம்’ என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். செய்தித்தாள் படிக்கிற யாருக்கும் அமலாக்கத் துறையும் ரெய்டும்தான் முதலில் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய குறை, அமல் என்பது ஒரே நாளில் வருவது. “இன்று முதல் அமலுக்கு வருகிறது” என்று அரசாணை சொன்னால் வந்துவிடும். இந்தத் துறையில் அப்படி எதுவும் வருவதில்லை. அமெரிக்க ஆய்வாளர் டீன் ஃபிக்ஸன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட பெரிய ஆய்வுத் தொகுப்பு இதைப் படிப்படியாகப் பிரிக்கிறது: நம் ஊர்த் தேவைக்கு எது பொருந்தும் என்று ஆராய்வது, ஆளும் பணமும் பயிற்சியும் ஏற்பாடு செய்வது, தட்டுத் தடுமாறித் தொடங்குவது, அப்புறம்தான் முழு அளவில் நடத்துவது. இதற்கே இரண்டு முதல் நான்கு வருடம் ஆகும். எனவே நடைமுறையாக்கம் என்கிறேன். ‘ஆக்கம்’ என்பதில் கொஞ்சம் கொஞ்சமாக உருவாவது தெரிகிறது.

நான் மிகவும் தடுமாறிய சொல் ‘ஃபிடெலிட்டி’. ஒரு திட்டம் எப்படி நடந்தபோது ஆய்வில் தேறியதோ, அதே முறையில் நாமும் நடத்துகிறோமா என்பது. ‘நம்பகத்தன்மை’ புள்ளியியலில் வேறு பொருளுக்குப் போய்விட்டது. ‘விசுவாசம்’ சரிவராது.

சில வருடங்களுக்கு முன் ஒரு தொண்டு நிறுவனத்தில் பெற்றோர் பயிற்சி நடப்பதைப் பார்க்கப் போனேன். கையேட்டில் பத்து வாரம். ஒவ்வொரு வாரமும் பெற்றோர் ஒருவர் குழந்தையாகவும் இன்னொருவர் தாயாகவும் நடித்துப் பழக வேண்டும், பிறகு வீட்டில் செய்துபார்த்து மறுவாரம் வந்து சொல்ல வேண்டும். அங்கே நடந்ததோ மூன்று நாள் கூட்டம். முன்னால் ஒருவர் மைக்கில் பேசினார், பின்னால் அம்மாக்கள் பாயில் உட்கார்ந்து கேட்டார்கள். “நடிக்கச் சொன்னா வெக்கப்படுறாங்க மேடம், அதான் எடுத்துட்டோம்” என்றார் பொறுப்பாளர். அவர் சோம்பேறி இல்லை, அந்தத் தெருவில் எல்லாக் குழந்தையின் பெயரும் தெரிந்தவர். ஆனால் அவர் எடுத்துவிட்ட அந்த நடிப்புதான் திட்டத்தின் உயிர்.

உயிரை எடுத்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் அளந்து பார்த்தது. 1997 சட்டத்தின்படி இளங்குற்றவாளிகளின் குடும்பங்களுக்கு ‘ஃபங்ஷனல் ஃபேமிலி தெரபி’ என்ற குடும்ப சிகிச்சை கொடுத்தார்கள். 2004-இல் வந்த மதிப்பீட்டில், முறைப்படி திறமாகச் செய்த சிகிச்சையாளர்களிடம் போன பிள்ளைகள் மறுபடி பெருங்குற்றம் செய்வது 38 சதவீதம் குறைந்திருந்தது. திறமாகச் செய்யாதவர்களிடம் போனவர்களுக்குக் குறையவே இல்லை. மாநிலமும் அதுதான், திட்டத்தின் பெயரும் அதுதான்.

இதற்கான சொல்லை வெளியே தேட வேண்டாம், பத்தாம் வகுப்பு இலக்கணத்திலேயே இருக்கிறது. வழு, வழாநிலை, வழுவமைதி. இலக்கண முறைப்படி பிழையில்லாமல் வருவது வழாநிலை. முறை தவறினால் வழு. தவறினாலும் தக்க காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்வது வழுவமைதி. மகளை “வாடா கண்ணா” என்று கொஞ்சுகிறோமே, அது. ஆகவே ஃபிடெலிட்டிக்கு வழாநிலை, முறை நழுவிப் போகும் ‘டிரிஃப்ட்’டுக்கு வழு, ஊருக்கு ஏற்ப மாற்றும் ‘அடாப்டேஷன்’னுக்கு வழுவமைதி. பொறுப்பாளர் மைக் வைத்தது வழு. அம்மாக்களை முதலில் இரண்டு இரண்டு பேராக, மற்றவர் பார்க்காத இடத்தில் நடிக்க விட்டிருந்தால் அது வழுவமைதி. உங்கள் கருத்தை எழுதுங்கள்.

——

அக்கா, வணக்கம். யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன்.

‘அமுல்’ பற்றி நீங்கள் சொன்னது சரி. இங்கே அரச ஆவணங்களில் ‘நிகழ்ச்சித்திட்டம்’, ‘நடைமுறைப்படுத்தல்’ என்றும் எழுதுகிறோம், நடைமுறையாக்கம் எங்களுக்கும் விளங்கும். எனக்கு இரண்டு தடைகள் உண்டு.

ஒன்று, ‘தேறிய’ என்றால் ஒரேயடியாகத் தேறிவிட்டது போல் இருக்கிறது. முதற்பிள்ளை சுமக்கும் தாய்மாரை, பிள்ளைக்கு இரண்டு வயதாகும்வரை தாதியர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஓல்ட்ஸின் திட்டம், நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில் 1970-களின் கடைசியில் சோதிக்கப்பட்டு நல்ல பலன் காட்டியது. அதையே இங்கிலாந்தில் சுமார் 1,600 பதின்வயதுத் தாய்மாரிடம் சோதித்தபோது, அவர்கள் முதன்மையாக அளந்த நாலு விடயங்களில் ஒன்றிலும் வித்தியாசம் இல்லை. அங்கே எல்லாத் தாய்மாருக்கும் மருத்துவிச்சியும் சுகாதாரத் தாதியும் ஏற்கெனவே கிடைக்கிறார்கள். அப்படியென்றால் அது தேறிய திட்டமா, தேறாததா?

இரண்டு, வழுவமைதி நடந்த பிழையைப் பிறகு பொறுத்துக்கொள்வது. நல்ல அடாப்டேஷன் முன்கூட்டியே யோசித்துச் செய்வது. அதில் பிழையே இல்லையே?

——

தம்பி, இரண்டும் நல்ல கேள்வி.

முதலாவதுக்கு என் பதில், ‘தேறிய’ என்ற சொல்லைத் தனியாக விடக் கூடாது. பரீட்சையில் தேறினேன் என்று சொன்னால் எந்தப் பரீட்சை என்று கேட்போம் அல்லவா? எல்மைராவில் தேறிய திட்டம், இங்கிலாந்தில் தேறாத திட்டம் என்று இடத்தோடு சேர்த்தே எழுத வேண்டும். உங்கள் உதாரணத்தை அப்படியே குறிப்பில் சேர்த்துக்கொள்கிறேன்.

இரண்டாவதில் நீங்கள் சொல்வதுதான் சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். முன்கூட்டியே திட்டமிட்ட மாற்றத்துக்கு வேறு சொல் வேண்டும். சித்த மருத்துவத்தில் ஒரே சூரணத்தை ஒருவருக்குத் தேனில் கொடுப்பார்கள், இன்னொருவருக்குப் பாலிலோ வெந்நீரிலோ. மருந்து மாறுவதில்லை, கூடச் சேர்த்துக் கொடுக்கும் அனுபானம்தான் மாறுகிறது. மொழி, கதையில் வரும் பெயர்கள், கூடும் இடம், நேரம் இவற்றை ஊருக்கு ஏற்ப மாற்றுவதை அனுபான மாற்றம் என்று சொல்லலாமா? மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தேன், எதை மாற்றலாம் எதைத் தொடக் கூடாது என்று அவர்களே பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார்கள். வழுவமைதியை, களத்தில் எதிர்பாராமல் நேர்ந்து பிறகு காரணம் பார்த்து ஏற்கும் மாற்றத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் ‘கோச்சிங்’குக்கு ஒரு சொல் வேண்டும். ‘பயிற்சி’யை ‘டிரெய்னிங்’ எடுத்துக்கொண்டுவிட்டது. கூட்டம் முடிந்த பிறகும் களத்தில் கூடவே இருந்து, செய்வதைப் பார்த்துத் திருத்துகிறவருடைய வேலை அது. அந்தப் பொறுப்பாளருக்குக் கிடைக்காமல் போனதும் அதுதான்.