வீரமரணம் அடைந்தவரின் வீடும் ஊரும்: சேலம், ஏற்காடு அனுபவங்கள்

ஏற்காடு, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர்:

படையில் உயிர் நீத்தவர்களையும் அவர்களுடைய குடும்பத்தாரையும் நம் மாவட்டத்து ஊர்கள் எவ்வாறு போற்றுகின்றன என்பதை, நேரில் கண்டவர்கள் எழுத வேண்டும் என்று விரும்புகிறேன். என் அனுபவத்தை முதலில் சொல்கிறேன்.

என்னிடம் படித்த மலைக்கிராமத்துப் பிள்ளை ஒருவர் எல்லைப் பகுதியில் பணியாற்றியபோது உயிரிழந்தார். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து இராணுவ வண்டி மேலே ஏறி வந்தபோது, காபித் தோட்டங்களில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் யாரும் அழைக்காமலே சாலையோரத்தில் வந்து நின்றார்கள். அவருடைய கிராமத்துக்குள் பெரிய வண்டி போக வழியில்லை. பெட்டியைப் படைவீரர்கள் ஒருபுறமும் ஊர் இளைஞர்கள் மறுபுறமும் தோளில் தாங்கி ஒற்றையடிப் பாதையில் கொண்டு சென்றனர்.

வானை நோக்கிக் குண்டுகள் முழங்கி இறுதி மரியாதை முடிந்தது. உடல்மீது போர்த்தியிருந்த மூவண்ணக் கொடியை வீரர்கள் எடுத்து மடிக்கத் தொடங்கியதும், அந்தத் தாய் பதறிப்போய், "எம்புள்ள மேல போட்டத ஏன் எடுக்கறீங்க?" என்று கேட்டார். உறவினர்கள் போட்ட கோடித் துணி உடலோடு போகும்போது இந்தத் துணியை மட்டும் எடுத்தால் அவருக்கு வேறு எப்படித் தோன்றும்? தேசியக் கொடியை உடலோடு எரிக்கவோ புதைக்கவோ கூடாது என்பது விதி. தமிழ் தெரிந்த சுபேதார் ஒருவர் அவர் எதிரில் மண்டியிட்டு அமர்ந்து, "இது உங்களுக்குச் சேர வேண்டியது அம்மா, உங்கள் கையில் கொடுக்கத்தான் மடிக்கிறோம்" என்று எடுத்துச் சொன்னார். அந்த ஒரு விளக்கத்தை யாராவது முதல் நாளே அவரிடம் சொல்லியிருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு இன்றும் உண்டு. இனி எந்த ஊரில் இப்படி நேர்ந்தாலும் பெரியவர் ஒருவர் அந்த வீட்டாருக்குச் சடங்கின் ஒவ்வொரு கட்டத்தையும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1949 முதல் டிசம்பர் 7ஆம் நாள் கொடி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. திரட்டப்படும் நிதி முன்னாள் படைவீரர்களுக்கும் உயிர் நீத்தோர் குடும்பங்களுக்கும் செல்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுத்தான் எங்கள் பள்ளியில் உண்டியலை நீட்டுவோம். மற்றவர்களும் எழுதுங்கள்.

சேலம் அஸ்தம்பட்டி, ஓய்வு பெற்ற சுபேதார்:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். மலர்வளையம் வைத்த கூட்டம் கலைந்த பிறகு அந்த வீட்டில் நடப்பதைப் பற்றி எழுதுகிறேன், ஏனெனில் பல ஆண்டுகளாக நான் ஈடுபட்டிருப்பது அந்த வேலையில்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பிய பின், வீட்டில் ஒரு கருப்பு டிரங்குப் பெட்டியும் ஒரு கட்டுத் தாள்களும் மிஞ்சும். அந்தத் தாள்களைப் படித்துச் சொல்ல ஆள் இருக்காது. முதலில், இறந்தவருடைய கோப்பு எந்த ஊரில் இருக்கிறது என்பதே வீட்டாருக்குத் தெரியாது. மதராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர் என்றால் வெலிங்டன், பீரங்கிப் படை என்றால் நாசிக், படையின் மின், இயந்திரப் பொறியியல் பிரிவான இ.எம்.இ. என்றால் செகந்திராபாத் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு ரெகார்டு ஆபீஸ் உண்டு. படை எண்ணையும் பிரிவையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, கோரிமேடானாலும் கெங்கவல்லியானாலும் அந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து முதல் கடிதத்தை எழுதிக் கொடுப்பது எங்களைப் போன்ற பழைய சிப்பாய்கள் செய்யக்கூடிய மரியாதை.

பெரும்பாலான சிக்கல் பெயரில் வருகிறது. நாம் தந்தையின் பெயரில் ஒரே ஓர் எழுத்தை முதலெழுத்தாக வைத்துக்கொள்கிறோம். படையில் எழுதிய எழுத்தர் மனைவியின் பெயரைத் தமக்குக் கேட்டபடி எழுதியிருப்பார். ஆதாரில் வேறு எழுத்து, வங்கிக் கணக்கில் இன்னொரு எழுத்து. மூன்றும் ஒத்துவரும் வரை ஓய்வூதிய ஆணை நகராது. அதைவிடக் கடினமானது திருமணப் பதிவு. சிப்பாய் லீவில் வந்து கோயிலில் தாலி கட்டிவிட்டு யூனிட்டுக்குத் திரும்பியதும் சான்றிதழைக் கொடுத்து, திருமணத்தை பார்ட் டூ ஆர்டரில், அதாவது வீரரின் குடும்ப விவரங்களைப் படை பதிவு செய்யும் ஆணையில், ஏற்றச் சொல்ல வேண்டும். குழந்தை பிறந்தாலும் அவ்வாறே. அது ஏறும் முன் அவருக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால், துக்கத்தில் இருக்கும் அந்தப் பெண் தான் அவருடைய மனைவிதான் என்பதை அலுவலகம் அலுவலகமாக ஏறி மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணத்தை 90 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். எனவே, படையில் இருக்கும் தம்பிகளின் திருமணத்துக்குப் போனால், பந்தி முடிவதற்குள் மணமக்களிடம் பதிவாளர் அலுவலகத்துக்கு நாள் கேட்டுவிட்டுத்தான் வருவேன். மணவீட்டில் இதைப் பேசுவது அபசகுனம் என்று சில பெரியவர்கள் முகம் சுளித்ததுண்டு. அந்தத் தாள் இல்லாமல் அலைந்த பெண்களைப் பார்த்தவன் என்பதால், நான் அதைப் பொருட்படுத்துவதில்லை.

இன்னொன்றையும் ஊரார் தெரிந்துகொள்ள வேண்டும். வீரதீர விருது பெற்றவரின் மனைவி மறுமணம் செய்துகொண்டால், இறந்தவரின் சகோதரரை மணந்தால் மட்டுமே விருதுக்குரிய மாதப்படி தொடரும் என்ற நிபந்தனை நெடுங்காலம் இருந்தது. 2017 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் அதை நீக்கிவிட்டது. கொழுந்தனையே கட்டிக்கொள்ளும்படி இன்னும் ஒரு பெண்ணை வற்புறுத்துவோர் இருந்தால், அந்தப் பணத்தைக் காரணம் காட்ட அவர்களுக்கு இனி இடமில்லை.

ஆத்தூர் வட்டம், படைவீரரின் மனைவி:

சுபேதார் ஐயா எழுதியதை என் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். பல இடங்களில் அவர் தலையசைத்தார்.

என் கணவர் உயரமான மலைப் பகுதியில் காவல் பணியில் இருந்தபோது மூச்சுத்திணறி இறந்தார். ஊர் முழுவதும் கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டினார்கள், கடைகளை அடைத்தார்கள். அந்த நன்றியை நான் என்றும் மறக்க மாட்டேன். ஆனால் சில வாரங்களில் ஒரு கேள்வி தொடங்கியது. சந்தையிலும் பேருந்திலும், "சண்டையில்தானே இறந்தார்?" என்று கேட்பார்கள். இல்லை என்று நான் சொன்னதும் கேட்டவருடைய முகத்தில் ஏதோ ஒன்று குறையும். சியாச்சினில் 1984 முதல் நம் வீரர்கள் நிற்கிறார்கள். அங்கே குண்டுக்கு இரையானவர்களைவிடக் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் இரையானவர்களே மிகுதி. 2016 பிப்ரவரி 3ஆம் நாள் 19ஆவது மதராஸ் பட்டாலியனைச் சேர்ந்த 10 பேரைப் பனிச்சரிவு மூடியதே, அவர்களில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்களே, அந்த வீடுகளிலும் இப்படிக் கேட்டிருப்பார்களா? ஓய்வூதியக் கணக்கில் போர் இழப்புக்கும் பணிக்கால இழப்புக்கும் வேறுபாடு இருக்கிறது. போரில் இறந்தவரின் மனைவிக்குக் கடைசியாகப் பெற்ற ஊதியத்துக்கு ஈடான தொகையும், பணி காரணமாக வேறு வகையில் இறந்தவரின் மனைவிக்கு அதில் 60 விழுக்காடும் வரும். அது அரசின் விதி. ஊரின் மரியாதைக்கும் அதே அளவுகோல் வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

விழா மேடைகளுக்கும் என்னை அழைத்திருக்கிறார்கள். பொன்னாடை போர்த்துவார்கள். ஒலிபெருக்கியில் இன்னாரின் மனைவி என்பதோடு முடிந்துவிடும், என் பெயரைச் சொன்னவர்கள் குறைவு. எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை எங்கள் வீட்டிலேயே கிடைத்தது. நாத்தனார் புதுமனை புகுந்த நாளில், கணவரை இழந்தவள் என்று நான் வழக்கம்போலப் பின்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். என் மாமியார் உறவினர்கள் எல்லார் முன்னிலையிலும், "கண்ணு, நீ வந்து விளக்கேத்து" என்று அழைத்தார். தயங்கினேன். "எம்மவன் நாட்டுக்காகப் போனவன், அவன் பொண்டாட்டி ஏத்துனாத்தான் இந்த வீடு விளங்கும்" என்றார். எதிர்த்து யாரும் ஒரு சொல் பேசவில்லை. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் நடந்த வளைகாப்புக்கும் என்னை அழைத்தார்கள்.

தாரமங்கலம், தொல்லியல் ஆர்வலர்:

அம்மா, நீங்கள் சொன்ன அந்தக் கேள்வியை நம் முன்னோர் கேட்டதில்லை. ஆநிரை மீட்கும்போது மடிந்தவனுக்கும் கல் நட்டார்கள். புலியோடு போராடி இறந்தவனுக்குப் புலிகுத்திக் கல் நட்டார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போனால் பழைய நடுகற்களை வேடியப்பன் என்று பெயரிட்டு இன்றும் பொங்கல் வைத்து வணங்குவதைக் காணலாம். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரனோடு அவனுடைய நாயையும் அதில் செதுக்கி, கோவிவன் என்ற அந்த நாயின் பெயரையும் பழைய தமிழ் எழுத்து வடிவமான வட்டெழுத்தில் பொறித்திருக்கிறார்கள்.

இதை நான் எங்கள் பக்கத்து ஊர்க் கூட்டம் ஒன்றில் சொல்ல நேர்ந்தது. இறந்த படைவீரர் ஒருவர் நினைவாகப் பேருந்து நிழற்குடை கட்ட முடிவு செய்திருந்தார்கள். கல்வெட்டு வரைவைப் பார்த்தபோது, திறந்து வைப்பவர், முன்னிலை வகிப்பவர், நன்கொடையாளர் ஆகியோரின் பெயர்கள் பெரிய எழுத்திலும் வீரரின் பெயர் இவற்றுக்குக் கீழே சிறியதாகவும் இருந்தன. நடுகல்லில் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, வீரன் எந்த ஊரினன், யாருடைய சேவகன், என்ன செய்து உயிர்விட்டான் என்பவை இருக்கும் என்று எடுத்துச் சொன்னேன். வாக்குவாதம் நீண்டது, நன்கொடை கொடுத்தவர்கள் வருத்தப்பட்டதும் நியாயமே. கடைசியில், வீரரின் பெயர், பெற்றோர் பெயர், படைப்பிரிவு, உயிர் நீத்த இடம், நாள் ஆகியவற்றை முகப்பில் பெரிதாகவும், கட்டியவர்களின் பெயர்களை உள்சுவரிலும் பொறிப்பது என்று முடிவாயிற்று. அவர் சாலை விபத்தில் இறந்ததால் என்ன எழுதுவது என்று தயங்கியபோது, அவருடைய தந்தையே "பணியில் இருந்தபோது" என்று எழுதச் சொன்னார். அப்படியே எழுதினார்கள்.

ஏற்காடு, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர்:

ஆத்தூர் அம்மாவுக்கு என் வணக்கம். சுபேதார் ஐயாவிடம் ஒரு கேள்வி. நான் முதலில் எழுதிய அந்தத் தாய்க்கு இப்போது முதுமை. மிளகும் காபிப் பழமும் பறித்தே அவருடைய விரல் ரேகைகள் தேய்ந்துவிட்டன. ஓய்வூதியம் தொடர ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று கொடுக்கப் போனால் கருவி அவருடைய விரலை ஏற்பதில்லை. அதற்காகப் பேருந்து ஏறிச் சேலத்துக்கும் திரும்பவும் அலைகிறார். இதற்கு வழி உண்டா?

சேலம் அஸ்தம்பட்டி, ஓய்வு பெற்ற சுபேதார்:

உண்டு ஐயா. 2021 நவம்பரிலிருந்து முகத்தைக் காட்டியே கைப்பேசிச் செயலி வழியாக ஜீவன் பிரமாண் என்ற மின்னணு உயிர்வாழ் சான்று பெறலாம். விரல் ரேகை தேவையில்லை. நல்ல வெளிச்சமும் இணைய இணைப்பும் இருந்தால் போதும், அம்மா வீட்டை விட்டு இறங்கவே வேண்டாம். பெரும்பாலானோருக்கு நவம்பரில் சான்று கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால், அந்த மாதத் தொடக்கத்தில் நானும் இன்னொரு முன்னாள் ஹவில்தாரும் மேலே வருகிறோம். அம்மாவின் ஆதார் அட்டை, ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றையும், ஆதாரோடு இணைத்த கைப்பேசியையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சுற்றுக் கிராமங்களில் இதே நிலையில் வேறு வீடுகள் இருந்தால் அவர்களுக்கும் தகவல் சொல்லி, இணைப்பு நன்றாகக் கிடைக்கும் இடமாகப் பார்த்து வைத்திருங்கள். ஒரே நாளில் முடித்துவிடலாம்.