ஜெய்சல்மேரிலிருந்து தனோட் வரை ஒரே பகலில் சைக்கிள்: தண்ணீர்க் கணக்கு சரியா?

பார்வதிபுரத்துக்காரன் கேட்டது:

வணக்கம். நாகர்கோவிலைச் சேர்ந்த நாங்கள் இருவர், வரும் டிசம்பர் இறுதியில், ராஜஸ்தான் பாலைவனத்திலுள்ள ஜெய்சல்மேரிலிருந்து ராம்கர் வழியாகத் தனோட் மாதா கோயில் வரை, ஏறத்தாழ 120 கிலோமீட்டரை ஒரே பகலில் சைக்கிளில் கடக்க எண்ணியிருக்கிறோம். திருநெல்வேலிக்குப் போய் அன்றே திரும்பும் பழக்கம் எங்களுக்கு உண்டு. அதற்கு மூன்று லிட்டர் தண்ணீர் போதுமாக இருந்திருக்கிறது. அங்கே குளிர்காலம் என்பதால் ஆளுக்கு நான்கு லிட்டர் தாராளம் என்கிறார் நண்பர். காலை ஐந்து மணிக்குப் புறப்பட உத்தேசம். அந்தச் சாலையில் மிதித்தவர்கள் இருந்தால் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தக்கலை மிதிவண்டி எழுதியது:

தம்பி, உங்கள் கணக்கில் நம் ஊர்ப் பழக்கம் இரண்டு இடங்களில் புகுந்துவிட்டது. முதலாவது விடியல். டிசம்பரில் கன்னியாகுமரியில் ஆறரை மணிக்கெல்லாம் சூரியன் எழுந்துவிடும். நாட்டின் மேற்குக் கோடியில் இருக்கும் ஜெய்சல்மேரிலோ ஏழே கால் மணிக்கு மேல்தான் எழும். ஐந்து மணிக்குக் கிளம்பினால், கடுங்குளிரில் இரண்டு மணி நேரம் இருட்டில் மிதிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவதுதான் ஆபத்தானது. நம் மாவட்டத்தில் கடற்காற்றின் ஈரத்தால் வியர்வை காயாமல் வழிகிறது. தாகம் எடுப்பதற்கு முன்பே நனைந்த சட்டை நம்மை எச்சரித்துவிடும். அங்கே காற்று வறண்டிருப்பதால், வியர்வை தோலுக்கு வந்தவுடன் ஆவியாகிவிடுகிறது. உடல் தண்ணீரை இழந்துகொண்டே இருந்தாலும் நமக்குத் தெரிவதில்லை. நான் போனபோது, வியர்க்கவே இல்லை என்று நம்பி, ராம்கர் தாண்டும்வரை இரண்டு லிட்டர்கூடக் குடிக்கவில்லை. பிறகு ஓரிடத்தில் நின்று பையைக் கழற்றியபோது, வார் அழுந்திய இடம் நெடுக சட்டையில் வெள்ளைக் கோடாக உப்புப் படிந்திருந்தது. விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. தலைவலி தொடங்கியிருந்தது, சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போனது. அவ்வழியே வந்த ராணுவ லாரியைக் கைகாட்டி நிறுத்தித்தான் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

ஆகவே ஆளுக்கு ஏழு லிட்டராவது வைத்துக்கொள்ளுங்கள். ராம்கரில் காலிப் பாட்டில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. தாகத்தை நம்பாமல், கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நாலு மடக்கு குடியுங்கள். வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தாலும் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்துவிடும் என்பதால், இடையிடையே ஓ.ஆர்.எஸ். கரைசலும் ஏத்தங்காய் சிப்ஸும் அவசியம்.

ஆரல்வாய்மொழிக் காற்று எழுதியது:

முப்பந்தலைப் போலவே ஜெய்சல்மேரைச் சுற்றிலும் காற்றாலைகள் நிற்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். இந்த ஆடி மாதத்தில் காவல்கிணற்றிலிருந்து ஆரல்வாய்மொழிக்கு மேற்குக் காற்றை எதிர்த்து நான்கைந்து முறை மிதித்துப் பழகினால், வேகம் பாதியானாலும் பதறாமல் மிதிக்கும் பொறுமை வந்துவிடும். ராம்கருக்கு அப்பால் சாலையின் குறுக்கே மணல் நாக்குப் போல நீண்டு கிடக்கும் இடங்களில் ஹேண்டிலைத் திருப்பவோ முன் பிரேக்கைப் பிடிக்கவோ வேண்டாம்; ஆழமாகத் தெரிந்தால் இறங்கித் தள்ளுங்கள். செயினுக்கு எண்ணெய் விட்டால் மணல் ஒட்டி அரைத்துவிடும், மெழுகு வகையே நல்லது.

பார்வதிபுரத்துக்காரன் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. முள்ளால் பஞ்சர் ஆகுமா?

தக்கலை மிதிவண்டி எழுதியது:

சாலையில் அவ்வளவாக இல்லை. நிழலுக்கு ஒதுங்கும்போதுதான் ஆகும். அங்கே கேஜ்ரி என்று சொல்லும் மரம், நம் கோயில்களில் நிற்கும் வன்னிதான். அதன் கீழும் கருவேலத்தின் கீழும் முள் உதிர்ந்து கிடக்கும். சைக்கிளை உருட்டாமல் தூக்கிக்கொண்டு போய் வையுங்கள். டியூபை மாற்றும்முன் டயரின் உட்புறத்தைப் பஞ்சால் துடையுங்கள். முறிந்த முள்ளின் நுனி எங்கே இருக்கிறதோ அங்கே இழை மாட்டிக்கொள்ளும். அதைப் பிடுங்காமல் புது டியூபைப் போட்டு, பத்து நிமிடத்தில் மறுபடி காற்று இறங்கி நின்றவன் நான்.

பார்வதிபுரத்துக்காரன் எழுதியது:

இரவு ராம்கரில் தங்கி, இரண்டு நாள் பயணமாக மாற்றிவிட்டோம். புறப்பாடு ஏழரை மணிக்கு, ஆளுக்கு ஏழு லிட்டர். கேரியரில் அவ்வளவு எடையையும் கட்டி, வரும் ஞாயிற்றுக்கிழமை காவல்கிணறு போய் வருகிறோம்.