நிதி திரட்டுவோர் மாநாட்டுக்குச் சென்றுவருவதால் சிறிய அறக்கட்டளைக்கு என்ன பயன்?

கேள்வி: கோத்தகிரி நிதிப்பணியாளர்

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியில் இயங்கும் சிறிய அறக்கட்டளை ஒன்றில் ஆறு ஆண்டுகளாக நிதி திரட்டும் பொறுப்பில் இருக்கிறேன். இருளர், குறும்பர் குடியிருப்புகளில் மாலை நேரக் கல்வி மையங்களையும் ஒரு நடமாடும் மருத்துவ வண்டியையும் நடத்திவருகிறோம். இந்தப் பொறுப்பில் நான் ஒருத்தி மட்டுமே இருப்பதால், நன்கொடையாளர்களுக்குக் கடிதம் எழுதுவது, ரசீது அனுப்புவது, நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு நிதி) பிரிவுகளுக்குத் திட்ட வரைவு அனுப்புவது, ஆண்டறிக்கையை அச்சுக்குக் கொடுப்பது ஆகிய எல்லாமே என் மேசையில்தான் நடக்கின்றன.

நிதி திரட்டும் பணியில் இருப்பவர்களுக்கான இரண்டு நாள் மாநாடு ஒன்று சென்னையில் நடக்கவிருக்கிறது. பதிவுக் கட்டணம், பயணம், தங்குமிடம் எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு கல்வி மையத்தின் ஒரு மாதச் செலவுக்கு ஈடாகிறது. எங்கள் அறங்காவலர்களில் மூத்தவர், "அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்கு ஒரு மாதம் சுண்டல் கொடுக்கலாமே அம்மா" என்றார். அவர் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. எனக்குத்தான் பதில் சொல்லத் தெரியவில்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. முந்தைய ஆண்டு நன்கொடை அளித்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் மட்டுமே கடந்த ஆண்டு மீண்டும் அளித்தார்கள். இது என் வேலையில் உள்ள குறையா, எல்லா இடங்களிலும் இப்படித்தானா என்று கேட்பதற்கு இந்த ஊரில் எனக்கு ஆள் இல்லை. இத்தகைய மாநாடுகளுக்குச் சென்றுவந்தவர்கள், அங்கிருந்து உண்மையில் என்ன கொண்டுவந்தீர்கள் என்று சொன்னால் அறங்காவலர்களிடம் பேச உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: கூடலூர்வாசி

அன்புச் சகோதரிக்கு வணக்கம். நான் இந்தப் பணியில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். நான்கு மாநாடுகளுக்குச் சென்றிருக்கிறேன். உங்கள் கடைசிப் பத்தியிலேயே உங்கள் கேள்விக்கான விடை இருப்பதாக நினைக்கிறேன். மலையில் தனியாக இந்த வேலையைச் செய்பவருக்கு அளவுகோல் கிடையாது. பத்துக்கு நான்கு என்பது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் ஆறு ஆண்டுகள் தன்னையே குறைசொல்லிக்கொண்டிருப்பது எத்தகைய சுமை என்பதை நான் அறிவேன். 1960இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட நிதி திரட்டுவோர் சங்கத்தின் பங்களிப்போடு அந்நாட்டில் நடத்தப்படும் தொடர் ஆய்வு, ஓராண்டு அளித்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே மறு ஆண்டும் அளிக்கிறார்கள் என்றுதான் பல ஆண்டுகளாகக் காட்டிவருகிறது. அந்த நாட்டுக் கணக்கு நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், உங்கள் நிலை விதிவிலக்கானது அன்று என்பதையாவது அது சொல்கிறது.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். 2021 அக்டோபர் 1 முதல், கார்டுகளிலிருந்து மாதந்தோறும் தானாகப் பணம் எடுப்பதற்கான ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். பழைய ஒப்புதல்களைப் புதிய முறையில் மீண்டும் பதிவு செய்ய வேண்டும். அந்த மாதத்தில் எங்கள் மாதாந்திர நன்கொடையாளர்களில் பெரும்பகுதியினரின் பணம் வரவில்லை. கொரோனாவுக்குப் பிறகு மக்களிடம் பணமில்லை, எங்கள் மீது நம்பிக்கையும் குறைந்துவிட்டது என்றெல்லாம் நாங்களாகவே முடிவு செய்துகொண்டு, தயக்கத்தினால் ஒருவரைக்கூடத் தொலைபேசியில் அழைக்காமல் இருந்தோம். மறு ஆண்டு மாநாட்டில் மதிய உணவின்போது என் மேசையில் இருந்த ஆறு பேரும் அதே மாதத்தில் அதே சரிவைச் சந்தித்தவர்கள் என்று தெரிந்தபோதுதான், நன்கொடையாளர்கள் எங்களைக் கைவிடவில்லை, ஒப்புதல்தான் அறுந்துபோயிருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது. ஊர் திரும்பியதும் ஒவ்வொருவரையும் அழைத்தோம். நன்கொடை நின்றுபோனதே பலருக்குத் தெரியவில்லை. யு.பி.ஐ. ஆட்டோபே வழியாகவும் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகவும் அவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள். அந்த ஒரு மதிய உணவுக்காக மட்டுமே நான் கட்டிய பதிவுக் கட்டணம் பலமுறை ஈடாகிவிட்டது என்று எங்கள் அறங்காவலர்களிடம் கணக்குக் காட்ட முடிந்தது.

சி.எஸ்.ஆர். பற்றியும் ஒரு செய்தி. நான் பல ஆண்டுகளாகப் பிப்ரவரி மாதத்தில்தான் நிறுவனங்களுக்குத் திட்ட வரைவுகளை அனுப்பிவந்தேன், பதிலே வராது. நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி அல்லது விற்றுமுதல் 1,000 கோடி அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பணம் எப்படி ஒதுக்கப்படுகிறது என்று தெரியாது. 2021இல் திருத்தப்பட்ட விதிகளின்படி நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். குழு ஓர் ஆண்டுச் செயல்திட்டத்தை வகுத்து இயக்குநர் குழுவின் முன் வைக்கிறது என்பதையும், நிதியாண்டின் இறுதியில் வந்து சேரும் வரைவுக்கு அந்தத் திட்டத்தில் இடமிருப்பது அரிது என்பதையும், அந்த வேலையைச் செய்யும் ஓர் அலுவலர் தேநீர் இடைவேளையில் பொறுமையாக விளக்கினார். தம் தொழிற்சாலைகளைச் சுற்றியுள்ள பகுதிகளுக்கு முன்னுரிமை தரும்படி சட்டமே சொல்வதால், பெரிய ஆலைகள் இல்லாத நம் மலைக்கு எந்த நிறுவனங்களிடம் கேட்பது, எவற்றை விட்டுவிடுவது என்பதையும் அன்றுதான் யோசிக்கத் தொடங்கினேன்.

மறுமொழி 2: பழனிமலைத் தொண்டர்

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். கூடலூர் அம்மா சொல்வதை மறுக்கவில்லை. ஆயினும் என் முதல் அனுபவம் வேறு மாதிரியானது என்பதால் அதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

முதல் முறை சென்றபோது காலை முதல் மாலை வரை எல்லா அரங்குகளிலும் முன்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்தேன். பேசியவர்களில் பெரும்பாலோர் பெரிய நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள். நகரச் சாலைகளில் ஆட்களை நிறுத்தி நன்கொடையாளர்களைச் சேர்ப்பது, தொலைக்காட்சி விளம்பரம், லட்சக்கணக்கான முகவரிகளுக்குக் கடிதம் அனுப்புவது என்று அவர்கள் விளக்கிய எதுவும், மேல்மலைக் கிராமங்களில் பளியர் குடும்பங்களோடு வேலை செய்யும் ஏழு பேர் கொண்ட எங்கள் அமைப்புக்கு எட்டக்கூடியது அன்று. கை நிறைய முகவரி அட்டைகளோடு திரும்பினேன். அவற்றில் ஒன்றுகூட ஒரு ரூபாயைக் கொண்டுவரவில்லை. செலவழிந்த பணத்தை நினைத்துப் பல நாள் வருந்தினேன்.

இரண்டாம் முறை செல்வதற்கு முன் என் வேண்டுகோள் கடிதத்தைப் பத்துப் படிகள் எடுத்துக்கொண்டு போனேன். சிறிய அமைப்புகளில் பணியாற்றுபவர்களாகப் பார்த்து, "இதைப் படித்துவிட்டு எந்த வரியில் உங்கள் கவனம் விலகியது என்று கோடு போட்டுத் தாருங்கள்" என்று கேட்டேன். ஐந்து பேர் படித்தார்கள். ஐவரும் இரண்டாவது பத்தியில்தான் கோடு போட்டிருந்தார்கள். எங்கள் அமைப்பு தோன்றிய வரலாற்றை அங்கே நான் விரிவாக எழுதியிருந்தேன். அந்தப் பத்தியை நீக்கிவிட்டு, ஒரு பிள்ளை பள்ளிக்குப் போக எத்தனை கிலோமீட்டர் நடக்கிறாள் என்று தொடங்கினேன்.

அதே மாநாட்டில் நடந்த இன்னோர் உரையாடலைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். கிழிந்த சட்டையோடு நிற்கும் குழந்தையின் படத்தைக் கடிதத்தில் அச்சிட்டால் பணம் கூடுதலாக வரும் என்று ஒருவர் சொன்னபோது, ஒரு மூத்த பெண்மணி எழுந்து, அந்தக் குழந்தை பத்து ஆண்டுகள் கழித்து இந்தக் கடிதத்தைப் பார்த்தால் உங்கள் அமைப்பின் வாசலுக்கு வருமா என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் ஊருக்குக் கொண்டுவந்தேன். கிராமக் கூட்டத்தில் எங்கள் பழைய கடிதங்களை மக்களிடம் காட்டினோம். சில படங்களை அவர்கள் வேண்டாம் என்றார்கள். இப்போது எந்தப் படமும் அவர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அச்சுக்குப் போகிறது. பணம் திரட்டுவதும் அந்த மக்களுக்குச் செய்யும் பணியின் ஒரு பகுதிதான் என்பதை எனக்கு உணர்த்தியது அந்தப் பெண்மணியின் கேள்வி.

இத்துறைக்கென்று ஒழுக்க நெறிகள் உண்டு என்பதையும் அங்கேதான் அறிந்தேன். திரட்டிய தொகையில் இத்தனை விழுக்காடு என்று கமிஷன் வாங்கக் கூடாது என்பது, கூடலூர் அம்மா குறிப்பிட்ட அந்தச் சங்கத்தின் நெறிமுறையில் உள்ள விதி. வெளியாள் ஒருவர் எங்களிடம் வந்து, பத்து விழுக்காடு தந்தால் நிதி பெற்றுத் தருகிறேன் என்றபோது, அந்த விதியைக் காட்டித்தான் எங்கள் செயற்குழுவை மறுக்கச் செய்தேன்.

மறுமொழி 3: குன்னூர் கணக்கர்

இரண்டு அறக்கட்டளைகளின் கணக்குகளைப் பார்ப்பவன் என்ற முறையில் சுருக்கமாகச் சில சொற்கள். மாநாட்டுச் செலவை வெளிநாட்டு நிதியிலிருந்து எடுக்க வேண்டாம். எப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்த நிதியில் நிர்வாகச் செலவுக்கான வரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. அதை இதற்காகக் கரைப்பது நல்லதன்று. உள்ளூர்ப் பொது நன்கொடையிலிருந்து, அறங்காவலர் தீர்மானத்தோடு செலவு செய்யுங்கள்.

அதே திருத்தம், வெளிநாட்டு நிதி பெறும் ஓர் அமைப்பு அதை வேறோர் அமைப்புக்குப் பகிர்ந்தளிப்பதையும் தடைசெய்தது. பெரிய அமைப்புகளின் வழியாகப் பணம் பெற்றுவந்த மலைப்பகுதிச் சிறு அமைப்புகள் அதன்பிறகு உள்நாட்டில் தாமே திரட்ட வேண்டியதாயிற்று. நிதி திரட்டுபவருக்குப் பயிற்சி எதற்கு என்று கேட்கும் அறங்காவலர்களிடம் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

மாநாட்டில் வரிச்சட்டம் பற்றிய அமர்வு இருந்தால் தவறாமல் உட்காருங்கள். நன்கொடையாளர் விவரங்களை ஆண்டுதோறும் மே 31க்குள் வருமான வரித்துறைக்குத் தாக்கல் செய்யும் முறை 2021-22 நிதியாண்டின் நன்கொடைகளிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். 1961ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதாக இயற்றப்பட்டிருப்பதால், நாம் ரசீதுகளில் அச்சிட்டுப் பழகிய பிரிவு எண்களே மாறுகின்றன. மேலும், புதிய வரி முறையைத் தேர்ந்தவருக்கு, நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்கும் சலுகை (80ஜி என்று நாம் சொல்லிப் பழகியது) கிடைக்காது. வரிச் சலுகையை முன்னிறுத்தியே கடிதம் எழுதிவந்தவர்கள், இனி வேறு எதைச் சொல்லிக் கேட்பது என்று சிந்திக்க வேண்டிய நேரம் இது. கோடையில் மலைக்கு வருபவர்கள் நம் விற்பனை மையங்களின் உண்டியலில் ரொக்கமாகப் போடும் பணத்தைப் பற்றியும் கேட்டுவாருங்கள். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கத்துக்கு 80ஜி சலுகை கிடையாது என்பதை அந்த மையங்களில் இருப்பவர்கள் இன்னும் அறிந்திருக்கவில்லை.

கேள்வி கேட்டவரின் பதில்: கோத்தகிரி நிதிப்பணியாளர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை அறங்காவலர் கூட்டத்தில் உங்கள் மறுமொழிகளை அப்படியே படித்துக் காட்டினேன். சுண்டலைப் பற்றிக் கேட்ட பெரியவர், கூடலூர் அம்மாவின் மாதாந்திர நன்கொடைச் செய்தியை இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு, 2021 அக்டோபரில் நம்முடைய மாதாந்திர வரவு எப்படி இருந்தது என்று கேட்டார். பதிவேட்டைப் பார்த்தோம், செப்டம்பரில் இருந்த பெயர்களில் பதினொன்று அக்டோபரில் இல்லை. அவர்களில் எவரையும் இதுவரை நாங்கள் அழைத்துக் கேட்டதில்லை. இன்று காலை மூவரை அழைத்தேன். ஒருவர், தம் பணம் இன்னும் போய்க்கொண்டிருப்பதாகவே நினைத்திருக்கிறார்.

பதிவுக் கட்டணத்துக்கும் ரயில் கட்டணத்துக்கும் தீர்மானம் நிறைவேறியது. தங்குவதற்குச் சென்னையில் என் அத்தை வீடு இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி விரைவு ரயிலில் போகிறேன். பழனிமலை ஐயா சொன்னபடி கடிதத்தைப் பத்துப் படிகள் எடுத்துக்கொள்கிறேன். ஐந்து ஆண்டுகளுக்கான நன்கொடையாளர் பட்டியலையும், பெயர்களை நீக்கிவிட்டு, எண்களாக மட்டும் கொண்டுபோகலாமா என்று யோசிக்கிறேன். முன்பின் அறியாதவர்களிடம் அதைக் காட்டுவது முறையாகுமா?

மறுமொழி 4: கூடலூர்வாசி

பெயர், தொலைபேசி எண், பான் எண், ஊர் ஆகிய எதுவும் இல்லாமல், எந்த ஆண்டு முதன்முதலில் அளித்தார், எந்தெந்த ஆண்டுகளில் மீண்டும் அளித்தார், எவ்வளவு என்ற மூன்று தகவல்கள் மட்டும் இருந்தால் தாராளமாகக் காட்டலாம். கணினிக் கோப்பை யாருக்கும் அனுப்ப வேண்டாம். தாளில் அச்சிட்டுக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். மீதமுள்ள எட்டுப் பேரையும் புறப்படுவதற்கு முன்பே அழைத்துவிடுங்கள்; அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் அந்தத் தாளின் பின்புறத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.