ஆர்.எஸ்.டபிள்யூ.1 வேர் வீங்கவே இல்லை, அவசரம்

வேர்முடி:
அராபிடாப்சிஸ்ல (லேப்ல வளர்க்குற கடுகு வகைச் சின்னச் செடி) ஆர்.எஸ்.டபிள்யூ.1 மியூட்டன்ட் (ஜீன் மாறின செடி) போட்டிருக்கேன். செல் சுவருக்குச் செல்லுலோஸ் இழை செய்யுற செல்லுலோஸ் சிந்தேஸ் ஜீன்ல (செசா1) கோளாறு, வேர் வீங்கணும். ஏழு நாளாச்சு, சாதாரணச் செடி மாதிரியே மெல்லிசா நீளுது. வியாழக்கிழமை லேப் மீட்டிங். எங்கே தப்பு?

அகார்தட்டு:
எந்த அல்லீல், அதாவது ஜீனோட எந்த மாறின வடிவம்? தட்டு நிக்குதா, படுத்திருக்கா? சர்க்கரை எவ்வளவு? போட்டோ போடுங்க.

சந்தனமுல்லை:
சந்தேகமே வேண்டாம், அண்ணன் தம்பி ஜீன்கள் வேலை. இந்தக் குடும்பத்துல அராபிடாப்சிஸ்ல மட்டும் 10 பேர். ஒண்ணு படுத்தா இன்னொண்ணு தாங்கும்.

பழையபெஞ்ச்:
முல்லை, செசா1 முழுசா போனா மகரந்தத்தோடயே கதை முடிஞ்சிடும், யாரும் தாங்க மாட்டாங்க. தம்பி, 1998ல வந்த மூலக் கட்டுரையைப் படிச்சிட்டுத்தான் விதை போட்டீங்களா? இங்கே பலருக்கும் முதல்ல விதை, அப்புறம்தான் படிப்பு.

வேர்முடி:
தம்பி இல்லைங்க, தங்கச்சி. அல்லீல் 1-1. தட்டு நிக்குது. சர்க்கரை 1 சதவீதம். சேம்பர் வழக்கமான செட்டிங்.

அகார்தட்டு:
வழக்கமானன்னா எத்தனை டிகிரி???

கத்தரிப்பூ:
வேர் வீக்கமெல்லாம் எதுக்கு, செல் சுவரை இளக்குற எக்ஸ்பான்சின் என்சைமை எடுத்துப் பண்ணுங்க. 1997ல தக்காளிக் குருத்து மெரிஸ்டெம்ல (புது உறுப்பு முளைக்குற வளர்நுனி) அதைத் தோய்ச்ச மணியை வெச்சாங்க, இலை மாதிரியே முளைச்சது.

பழையபெஞ்ச்:
எக்ஸ்பான்சின் என்சைமே இல்லை. 1992ல வெள்ளரி நாத்துத் தண்டுலேர்ந்து பிரிச்சப்பவே தெரியும், அது சுவரை வெட்டாது, தளர்த்தும்.

கத்தரிப்பூ:
பேர் மாத்திக் கூப்பிட்டா இலை முளைக்காம போயிடுமா சார்?

சந்தனமுல்லை:
உறுப்பு முளைக்கிறதுன்னா சுவர்ல இருக்குற இன்னொரு பொருள் பெக்டினை விட்டுட்டீங்களே. அதை மாத்துற என்சைம் பெக்டின் மெத்தில் எஸ்டரேஸைத் தடுக்குற ஜீனை மிகையா ஓட்டினா பூமொட்டு வராம தண்டு ஊசியா நிக்கும். செல்லுலோஸ் மட்டுமா சுவர்?

பழையபெஞ்ச்:
அதுவும் எக்ஸ்பான்சினும் ஒண்ணா? தனி த்ரெட் போடுங்க.

வேர்முடி:
21 டிகிரி. எல்லாரும் அதுலதானே வளர்ப்பாங்க?

அகார்தட்டு:
அம்மா தாயே! 1-1ல ஜீன் அழியல, புரதத்துல ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கு. 21ல ஒழுங்கா வேலை செய்யும். 31க்குப் போனாத்தான் பிளாஸ்மா சவ்வுல இருக்குற ரோசெட் கூட்டம் (செல்லுலோஸ் நெய்யுற புரதக் கூட்டம்) கலைஞ்சு செல்லுலோஸ் குறையும். செல்லைச் சுத்தி வளையமா இறுக்குற இழைகள்தான் அதை நீளவாக்குல வளர வைக்குது. டயர் இல்லாம ட்யூபுக்குக் காத்தடிச்ச மாதிரி, இழை குறைஞ்சா பக்கவாட்டுல உப்பும். 21ல அஞ்சு நாள் வளர்த்துட்டு 31க்கு மாத்துங்க.

பழையபெஞ்ச்:
அதைத்தான் கட்டுரையைப் படிங்கன்னேன்.

கத்தரிப்பூ:
டிகிரியை மட்டும் சொல்லாம விட்டுட்டீங்க.

வேர்முடி:
31ல வெச்சேன். ரெண்டாம் நாளே முனைக்குப் பக்கத்துல பல்பு மாதிரி. நன்றி, மீட்டிங்குக்கு ஓடறேன்.

அகார்தட்டு:
ஒப்பிட வைல்ட் டைப்பையும் (ஜீன் மாறாத சாதாரணச் செடி) அதே 31ல வெச்சீங்கதானே?

அகார்தட்டு:
ஹலோ?