நொக்ஸின் கஞ்சாவும் டி குவின்சியின் அபினும்

திருமலை வாசகன் (கேள்வி):
மூதூரில் வெள்ளைக்காரன் மரத்தடி நினைவுக்கல்லைப் பார்த்துத் திரும்பிய பின்னர், 1660 இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டுக் கண்டி அரசில் 19 ஆண்டுகள் சிறையிருந்த ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட இலங்கை நூலை மீண்டும் வாசித்தேன். கெட்ட தண்ணீரால் காய்ச்சலில் விழுந்த அவரும் தோழரும் கஞ்சா இலையை வெல்லத்துடன் இடித்து, காலையும் மாலையும் வெறும் வயிற்றில் உண்டு நோய் நீங்கினார்களாம். அது மூளையை மயக்கும், தலைசுற்றும் என்பதோடு அவர் நிறுத்திக்கொள்கிறார். ஆங்கில எழுத்தாளர் தோமஸ் டி குவின்சியோ அபினைப் பற்றி 1821 இல் ஒரு முழு நூலையே எழுதினார். இருவரும் மருந்தென்றுதானே தொடங்கினார்கள்? இவ்வளவு வேறுபாடு எதனால் வந்தது?

உவர்மலையான்:
ஐயா, டி குவின்சி 1804 இல் முகநோவுக்காக இலண்டன் ஒக்ஸ்போட் வீதிக் கடையொன்றில் அபின் வாங்கியவர். அக்காலத்தில் அது தடையின்றி விற்கப்பட்டது. ஆனால் அவர் நூலின் உயிர் அபினின் இன்பங்களைச் சொல்லும் பகுதியில் இல்லை, துன்பங்களைச் சொல்லும் பகுதியில்தான் இருக்கிறது. ஒரே இரவில் 70 அல்லது 100 ஆண்டுகள் வாழ்ந்துவிட்டதுபோல் தோன்றியது என்கிறார். வாசலுக்கு வந்த மலாய்க்காரர் ஒருவர் பின்னர் அவர் கனவுகளில் ஆசியா முழுவதையும் அச்சமாகச் சுமந்து வருகிறார் (கீழைநாட்டவரான நமக்கு அந்தப் பக்கங்கள் உறுத்தவே செய்யும்). நொக்ஸுக்குத் தப்பிச் செல்லும் வழியே கனவாக இருந்தது; தம் மனத்தை உற்றுப் பார்க்க அவருக்கு ஓய்வேது? கஞ்சா மனிதனுக்கு அவனையே பெரிதாக்கிக் காட்டுகிறதே தவிரப் புதிதாக எதையும் தருவதில்லை என்று 1860 இல் பிரெஞ்சுக் கவிஞர் போதலேர் எழுதியதும் இதனோடு ஒத்துப்போகிறது.

பழைய ஏடு:
ஒரு திருத்தம். கஞ்சாவின் கதை நொக்ஸின் அந்தச் சில வரிகளோடு முடியவில்லை. அவருடைய நண்பரான அறிவியலாளர் றொபேட் ஹூக் 1689 டிசம்பரில் இலண்டன் றோயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தில் இச்செடியைப் பற்றி உரையாற்றினார். உண்டவர் சிரிப்பார், பாடுவார், ஆனால் தாம் கண்டதும் கேட்டதும் செய்ததும் அவர் நினைவில் நிற்பதில்லை என்பது அவ்வுரையின் செய்தி. நினைவில் நில்லாததை எவரால் எழுத முடியும்? நம்மவருள் ஔவையார் அதியமானை நினைந்து, 'சிறியகட் பெறினே எமக்கீயு மன்னே' (சிறிதளவு கள் கிடைத்தால் அதை எமக்கே தந்துவிடுவான்) என்று புறநானூற்றின் 235 ஆம் பாட்டில் அழும்போது, மயக்கத்தை அன்றிப் பகிர்ந்த கையையே பாடுகிறார். வள்ளுவர் இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிறார்: 'கள்ளுண்ணாப் போழ்திற் களித்தானைக் காணுங்கால் உள்ளான்கொல் உண்டதன் சோர்வு.' தன் மயக்கத்தைத் தான் காண இயலாத குடிகாரன், தெளிந்திருக்கும் வேளையில் அதைப் பிறன் முகத்தில் பார்க்கிறான். டி குவின்சி செய்த புதுமை, அந்தப் பிறன் முகத்தையும் தமதாகவே வைத்துக்கொண்டதுதான்.