டிஆர்எல்லைத் தாண்டினால் குற்றமா? 75 பற்றி ஒரு சண்டை

ஈயக்கவசம்:
"டிஆர்எல்லைத் தாண்டிய ஒவ்வொரு சிடி ஸ்கேனும் நோயாளிக்குச் செய்கிற கொடுமை" என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு விருப்பக்குறி மழை வேறு. டிஆர்எல் என்பது ஒரு வகை ஸ்கேனுக்கு ஆகும் கதிர் டோஸை ஒப்பிட்டுப் பார்க்க வைத்த வழிகாட்டி அளவு. அதை எப்படி வைக்கிறார்கள் என்றாவது தெரியுமா? பல மையங்களில் ஒரே வகை ஸ்கேனுக்கு ஆகும் டோஸைத் திரட்டி, ஒவ்வொரு மையத்தின் இடைநிலை அளவையும் வரிசையாக வைத்து, 75ஆவது சதமானத்தில் கோடு கிழிக்கிறார்கள். கிழித்த அன்றைக்கே கால்வாசி மையங்கள் கோட்டுக்கு மேலே. அவ்வளவு பேரும் கொடுமைக்காரர்களா?

குறைகதிர்:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்ல என்ன கூச்சம்? முக்கால்வாசிப் பேரால் முடிகிறது, மிச்சப் பேருக்கு மட்டும் என்ன கேடு?

ஈயக்கவசம்:
எல்லோரும் குறைத்தால் அடுத்த கணக்கெடுப்பில் கோடும் இறங்கும். அப்போதும் கால்வாசி மேலேதான். 75 என்றால் 75.

குறைகதிர்:
இறங்கட்டுமே, அதற்குத்தானே வைத்தார்கள்!

மூத்தடெக்னீஷியன்:
சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையமான ஐசிஆர்பி 2017இல் கொண்டுவந்த 135ஆம் வெளியீட்டைப் புரட்டிவிட்டு வாருங்கள். டிஆர்எல் உச்சவரம்பு அல்ல, தனி ஒரு நோயாளிக்குப் பொருத்திப் பார்ப்பதற்கும் அல்ல. பருமனான ஆளைப் படுக்க வைத்தால் இயந்திரமே மின்னோட்டத்தை ஏற்றிக்கொள்ளும், டோஸும் ஏறும். "ஒவ்வொரு ஸ்கேனும்" என்பதே அபத்தம்.

குறைகதிர்:
வந்துவிட்டார் வாத்தியார். குழந்தை வயிற்று ஸ்கேன் திரியில், டோஸ் கணக்குக்கு வைத்த பிளாஸ்டிக் உருளை 16 செ.மீ. ஃபேன்டமா 32 செ.மீ. ஃபேன்டமா (அது மாறினாலே எண் மாறும்) என்று பார்க்காமலே "டோஸ் இரட்டிப்பு" என்று குதித்தவர்தானே நீங்கள்?

மூத்தடெக்னீஷியன்:
அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? ஃபேன்டம் அளவு தெரியாதபடி திரையை வெட்டிப் படம் போட்டவரைக் கேளுங்கள். நீங்கள் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே நான் ஸ்கேனர் வளையமான கேன்ட்ரி பக்கத்தில் நின்றவன்.

ஈயக்கவசம்:
ஃபேன்டம் கிடக்கட்டும். 75க்குப் பதில் எங்கே?

புதுவரவு:
வயது வந்தோர் தலை ஸ்கேனுக்கு அமெரிக்கக் கதிரியல் கல்லூரி சொன்ன 75 மில்லிகிரேவைத்தானே பேசுகிறீர்கள்? ஐரோப்பிய வழிகாட்டியில் 60 என்று இருந்ததே.

ஈயக்கவசம்:
சுத்தம். அந்த 75 டோஸ் அளவு, இந்த 75 சதமானம். அது வேறு, இது வேறு.

படம்வாசிப்பவர்:
டோஸ் டோஸ் என்கிறீர்களே, படத்தை யார் பார்ப்பது? கல்லீரல் முழுக்கப் புள்ளி இறைந்து, சின்னக் கட்டி ஒன்று கண்ணில் படாமல் போனால் மறுபடி ஸ்கேன்தான். கோட்டுக்குக் கீழே இருந்தும் அத்தனையும் வீண் கதிர். இன்னொன்று, வயிற்று ஸ்கேனை நெஞ்சு நடுவில் ஆரம்பித்துத் தொடையில் முடிக்கிறவர்களைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் ஆகும் டோஸைச் சொல்லும் சிடிடிஐ சாதுவாக இருக்கும், ஸ்கேன் செய்த நீளத்தால் அதைப் பெருக்கிச் சொல்லும் டிஎல்பி எகிறியிருக்கும்.

குறைகதிர்:
அழகான படம் வேண்டும் என்று டோஸைக் கூட்டுகிறவர்களின் பழைய சாக்கு. எட்டத்தக்க டோஸ் என்று 50ஆவது சதமானத்தையும் குறிக்கிறார்கள். என்னைக் கேட்டால் கோட்டையே அங்கே போட வேண்டும்.

ஈயக்கவசம்:
பிரமாதம்! இனி பாதிப் பேர் கொடுமைக்காரர்கள். இதற்குத்தான் முதலிலிருந்தே கேட்கிறேன், ஏன் 75?

குறைகதிர்:
கால்வாசியில் நீங்கள் வேலை பார்க்கும் மையமும் இருக்கிறதோ? இவ்வளவு எரிகிறதே.

ஈயக்கவசம்:
என் மையம் கோட்டுக்குக் கீழே. கேள்வி அதுவல்ல. 75.

மூத்தடெக்னீஷியன்:
குழந்தை ஸ்கேன் திரியில் நான் "இரட்டிப்பு" என்று எழுதிய இடத்தின் இணைப்பைப் போடுங்கள், குறைகதிர். போடும்வரை நான் நகர்வதாயில்லை.